ஒரு சென்ட் ஏலமும் எனது 800 ரூபாயும்



ஏலம் எனக்குப் புதிதல்ல. எங்க அப்பா மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்குபவர். அங்கே பத்துப் பேர் விலை கேட்டாலும், எடுத்தவர் மட்டும்தான் பணம் கொடுப்பார். அதே நினைப்பில் சென்ற ஆண்டு இணையத்தில் 'பென்னி ஏலம்' நடத்தும் ஒரு தளத்தில் நுழைந்தேன். கையில் கால்குலேட்டர் வாங்க அப்பா கொடுத்த 800 ரூபாய்.

இது எப்படி நடக்கிறது?

இங்கே ஒவ்வொரு முறை கேட்பதற்கும் கட்டணம் உண்டு. தோற்றாலும் அது திரும்பாது. ஒருவர் கேட்டதும் விலை சிறிதளவு ஏறும். கடிகாரத்தில் சில விநாடிகள் கூடும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாகக் கேட்டவருக்கே பொருள்.

2005-ல் ஜெர்மனியில் 'டெலிபிட்' என்று தொடங்கி, பின்பு 'ஸ்வூப்போ' எனப் பெயர் மாறி, 2011-ல் திவாலான தளம் இவ்வகையில் பிரபலமானது. அமெரிக்காவில் அது ஒரு கேட்புக்கு 60 சென்ட் வாங்கியது.

ஒரு கணக்கு

கடையில் 300 டாலர் விலையுள்ள கேமரா என்று வைத்துக்கொள்வோம். கேட்புக்கு ஒரு சென்ட் ஏறி, 30 டாலரில் ஏலம் முடிகிறது. அப்படியானால் கேட்புகள் 3000. கட்டணம் 1800 டாலர். விலையையும் சேர்த்தால் தளத்துக்கு 1830 டாலர்! வென்றவர் 500 முறை கேட்டிருந்தால் அவர் செலவு 300 + 30 = 330. அதாவது ஜெயித்தவருக்கே 30 டாலர் நஷ்டம். மற்றவர்களின் 1500 டாலர் போனது போனதுதான்.

தந்திரம் பலிக்குமா?

கடைசி விநாடியில் கேட்கலாம் என்றால், கடிகாரம் மறுபடி ஏறிவிடுகிறது. விடாமல் கேட்டு எதிராளியைப் பயமுறுத்தலாம் என்றால், அவரும் அதையேதான் நினைக்கிறார். நான் முதலில் 500 ரூபாய்க்குத்தான் கேட்புகள் வாங்கினேன். அது தீர்ந்ததும், "இவ்வளவு போட்டாச்சே, இப்ப விட்டா எல்லாம் வீண்தானே" என்று மீதி 300-ஐயும் போட்டேன். அதுவும் போயிற்று. அங்கேதான் என் தவறு. போட்ட பணம் அப்பவே போயாச்சு; அடுத்த கேட்பு அதை மீட்டுத் தராது.

எனவே கேட்புக் கட்டணத்தையும் சேர்த்து ஒரு உச்சவரம்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். அதைவிட நல்லது, உள்ளே போகாமலிருப்பது.

அந்தப் பருவம் முழுவதும் பக்கத்து பெஞ்சு நண்பனின் கால்குலேட்டரில்தான் ஓட்டினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது. இந்த மலர் கைக்கு வந்ததும் நானே இதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

- இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல்