ஆர்க்கிட் விதை முளைத்தலும் சர்க்கரை வகைகளும்

ஆர்க்கிட் விதை தூசியினும் மெல்லியது. ஒரே காயில் பல்லாயிரம், சில இனங்களில் பல இலட்சம் விதைகள் அடங்கியிருக்கும். நெல்லுக்கும் ஆமணக்குக்கும் உள்ளதுபோன்ற முளைசூழ்தசை இதற்கு இல்லை. கட்டுச்சோறு இல்லாமல் புறப்பட்ட வழிப்போக்கன் என்றே இதனைச் சொல்லலாம். காட்டில் இவ்விதை முளைப்பதற்கு ஒருவகைப் பூஞ்சணத்தின் துணை வேண்டும் என்பதை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார்.

1922-இல் அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாது உப்புக்களும் சேர்த்த அகாரில், பூஞ்சணமின்றியே விதைகள் முளைக்கும் என்று காட்டினார். 1946-இல் அவர் வெளியிட்ட ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராம் சுக்ரோஸ் உண்டு. தேநீரில் இடப்படும் சீனியும் இதுவே.

எல்லாச் சர்க்கரையும் ஒரே பயன் தருவதில்லை. சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகியவை பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றவை. பூஞ்சணங்களில் மிகுதியாகக் காணப்படும் டிரஹலோஸையும் சில இனங்கள் நன்கு பயன்படுத்துகின்றன. கேலக்டோஸோ இளநாற்றுக்களுக்கு நஞ்சாகக்கூடும்.

மானிடால், சார்பிடால் என்னும் சர்க்கரை ஆல்கஹால்கள் நாவுக்கு இனிப்பவை. எனினும் பல தாவரங்கள் இவற்றை எளிதில் உணவாகக் கொள்வதில்லை. ஆயினும் சோதனைக்கு இவை மிகவும் வேண்டியவை. சர்க்கரை உணவாவதோடு, கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தையும் உயர்த்துகிறது. விளைவு எதனால் நேர்ந்தது என்று பிரித்தறிய, அதே அழுத்தமுள்ள மானிடால் கரைசலில் மற்றொரு பங்கு விதையை இடவேண்டும். இங்கே எடையைச் சமமாக்குதல் தவறு. மூலக்கூறுகளின் எண்ணிக்கையே சமமாகவேண்டும். சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342, மானிடாலுடையது 182. ஆகவே 20 கிராம் சுக்ரோஸுக்கு ஈடாக ஏறத்தாழ 10.6 கிராம் மானிடால் போதும். 20 கிராம் இட்டால் அழுத்தம் இரட்டிப்பை நெருங்கும். விதை முளைக்காமற்போனதற்குப் பசி காரணமா, நீர் கிடைக்காமை காரணமா என்று கூற இயலாது.

மானிடாலில் கரு சற்றே உப்பி நின்றுவிட, சுக்ரோஸில் அது பசுங்குமிழாகி இலை விடுமாயின், உணவே காரணம் எனக் கொள்ளலாம். நீராவி அழுத்தக் கலனில் சூடேற்றும்போது சுக்ரோஸில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. சர்க்கரைகளைத் துல்லியமாக ஒப்பிடுவோர் அவற்றை நுண்வடிகட்டியில் வடித்துச் சேர்ப்பர்.

காசி மலையின் நீல வாண்டா போன்ற இனங்கள் மிதமிஞ்சிப் பறிக்கப்பட்டுக் காட்டில் அருகிப்போயின. ஆதலின் பயிற்சிச் சோதனைக்குத் தோட்டத்துச் செடியின் காயையே கொள்க. ஒரே காயின் விதைகளையே எல்லாக் குப்பிகளுக்கும் பகிர்ந்திடுக. சர்க்கரையே இல்லாத குப்பி ஒன்றும் உடன் இருக்கவேண்டும்.