தொண்டும் இல்லமும்



பகலில் தொழில், மாலையில் சங்கப் பணி, ஓய்வு நாளில் குடியிருப்புதோறும் தம்ம உரை. வீட்டிலோ படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர். பெற்றோரை இழந்து நம்மை நம்பி வந்த குழந்தை ஒன்று. இத்தனையையும் ஒருவர் எங்ஙனம் தாங்குவது? தொண்டர் பலர் எம்மிடம் இக்கேள்வியைக் கேட்டுள்ளனர். இதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். நாளின் மணிகளை நான்காகக் கூறு போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம். அது பிழையென்று பின்னர்க் கண்டோம்.

பகவன் கண்ட பிக்கு

விநய பிடகத்து மகாவக்கம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பகவன் புத்தர் ஆனந்தரோடு பிக்குகளின் உறைவிடங்களைப் பார்த்து வருகையில், வயிற்றுக் கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடக்கக் கண்டார். உம்மைக் கவனிப்பார் இல்லையோ என்று வினவினார். இல்லை என்றார் பிக்கு. அதற்கு அவர் கூறிய காரணத்தை நாம் ஊன்றிக் கருத வேண்டும். தம்மால் ஏனைய பிக்குகளுக்கு யாதொரு பயனும் இல்லை. ஆதலால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்றார்.

பகவன் உடனே உபதேசம் செய்யத் தொடங்கவில்லை. ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்தார். பகவன் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்புறம் பகவனும் கால்புறம் ஆனந்தரும் தூக்கி, அவரைக் கட்டிலில் கிடத்தினர். அதன் பின்னரே பிக்குகளைக் கூட்டினார். தாய் தந்தையரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் கவனியாவிடின் வேறு யார் கவனிப்பர் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குப் பணிவிடை செய்க என்றும் அறிவுறுத்தினார்.

அத்துடன் நில்லாது முறையும் வகுத்தார். நோயாளிக்கு உபாத்தியாயர் இருந்தால் அவர் பேண வேண்டும். ஆசிரியர் இருந்தால் அவர். மாணாக்கர் இருந்தால் அவர். ஒருவரும் இல்லையெனில் சங்கமே பேண வேண்டும். இது யாருடைய பொறுப்பு என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. இன்னொரு விதியும் உண்டு. பிக்கு ஒருவர் மறைந்தால், அவருடைய பாத்திரத்தையும் சீவரத்தையும் அவரைப் பேணியவருக்கே சங்கம் அளிக்க வேண்டும். பேணுதல் கண்ணுக்குத் தெரியாத வேலை. அதனைக் கண்ணுக்குத் தெரியச் செய்தார் பகவன்.

எம் வீட்டில் நடந்தது

யாம் நூற்பாலையில் உழைத்த காலம் அது. எம்மோடு ரிங் பிரேமில் நின்ற தோழர் ஒருவர் நோயால் மறைந்தார். அவர் மனைவியார் முன்னரே மறைந்திருந்தார். அவர்களுடைய ஒரே மகனை, ஒன்பது வயதுச் சிறுவனை, எம் இல்லத்திற்கு அழைத்து வந்தோம். எம் அன்னையார் அப்போது பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். ஷிப்டு முடிந்ததும் யாம் நேரே சங்கத்திற்குச் செல்வோம். இரவு உண்ணும் வேளைக்கே வீடு திரும்புவோம். வீடு ஒழுங்காகவே நடந்தது. கடமை நான்கையும் செவ்வனே செய்வதாக உள்ளூர மகிழ்ந்தோம்.

ஒரு நாள் பள்ளி ஆசிரியர் வீடு தேடி வந்தார். பையன் பதினொரு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை என்றார். யாம் திகைத்து உள்ளே சென்று பார்த்தோம். பின்கட்டில் அவன் எம் அன்னையாரின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தான். எம் துணைவியார் இடுப்பு வலியால் குனிய மாட்டாமல் இருந்தார். சொன்னால் சங்க வேலை கெடும் என்று எம்மிடம் சொல்லவில்லை. பள்ளிக்கு விடுமுறை என்று அவரிடம் கூறிவிட்டு, பையன் அவ்வேலையை ஏற்றுக்கொண்டிருந்தான். ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்டோம். தலை நிமிராமலே அவன் சொன்னான்: "வேலை செய்யாமல் இங்கே எப்படி மாமா இருப்பது?"

அச்சொல் எம்மைச் சுட்டது. பகவனிடம் பிக்கு கூறியதும் எம்மிடம் இச்சிறுவன் கூறியதும் ஒன்றே. பயன்படுவோரையே பிறர் பேணுவர் என்று இருவரும் கற்றிருந்தனர். இவனுக்கு அதைக் கற்பித்தவர் யாமே. வாயால் கற்பிக்கவில்லை; வீட்டில் இல்லாமையால் கற்பித்தோம்.

அன்றிரவு துணைவியாரோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அன்னையாரைப் புரட்டிப் படுக்க வைத்தல், உடல் துடைத்தல், உணவூட்டல், மருந்து கொடுத்தல், பையனின் பாடம், அவன் சீருடை, சங்கத்தார் வந்தால் தேநீர். இவற்றுள் எம் கை பட்டது ஒன்றுமில்லை. யாம் செய்ததாகச் சொல்லிக்கொண்ட கடமை நான்கில் இரண்டை முழுமையாகச் சுமந்தவர் அவர். ஏனைய இரண்டை யாம் செய்ய முடிந்ததும் அவரால்தான்.

நூற்பாலையில் ஒரு தொழிலாளிக்கு இத்தனை கதிர் என்று அளவு உண்டு. அளவை மீறி ஏற்றுக்கொண்டால், ஓடும் கதிர்களே கண்ணில் படும். நூல் அறுந்த கதிர் கண்ணில் படாது. அறுந்த நூல் ஓசையிடுவதில்லை. வீட்டிலும் அங்ஙனமே. சங்கத்தார் உரக்க அழைப்பர். அக்குரல் நமக்குக் கேட்கும். படுக்கையில் கிடப்பவரும் வளர்க்க எடுத்த குழந்தையும் அழைப்பதில்லை. தாம் பிறருக்குப் பாரம் என்ற அச்சத்தால் வாய் மூடியிருப்பர். ஆதலின் கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது, எது பெரிய தொண்டு என்று கேட்பது முறையன்று. வாய் திறந்து கேட்க மாட்டாதவர் யார் என்றே முதலில் கேட்க வேண்டும்.

புனே நகரத்து இல்லம்

அவ்வாறாயின் பொதுத்தொண்டை விட்டுவிட வேண்டுமோ என்று சிலர் வினவுவர். வேண்டியதில்லை. இரண்டையும் ஒருங்கே நடத்திய இல்லம் ஒன்று புனே நகரத்தில் இருந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் தம் மூன்று ஆசான்களுள் ஒருவராகப் போற்றிய ஜோதிராவ் புலே, அவர் துணைவியார் சாவித்திரிபாய் ஆகியோரின் இல்லம் அது.

ஜோதிராவ் கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தவர். சகுணாபாய் என்னும் உறவினரால் வளர்க்கப்பட்டவர். 1848-இல் இருவரும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். 1863-இல், கைம்பெண்கள் அச்சமின்றிப் பிள்ளை பெறுவதற்கும் பிறந்த பிள்ளை கொல்லப்படாமல் காப்பதற்கும் ஓர் இல்லம் அமைத்தனர். தமக்குப் பிள்ளையில்லாத அவ்விருவரும், 1874-இல் ஒரு பிராமணக் கைம்பெண்ணின் குழந்தையைத் தம் மகனாக ஏற்று, யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். 1887-இல், மகன் பயின்றுகொண்டிருந்த சிறு வயதிலேயே, ஜோதிராவ் தம் உயிலில் அவரை வாரிசாக எழுதினார். அவர் மருத்துவரானது பின்னர். பயன்பட்ட பிறகு அவரை மகனாக்கவில்லை. மகனாக்கிய பிறகே அவர் வளர்ந்தார். இதனை வளர்ப்புப் பெற்றோர் மனத்தில் இருத்துக.

1888-இல் பக்கவாதம் ஜோதிராவின் வலக்கையை முடக்கியது. அவர் இடக்கையால் எழுதித் தம் கடைசி நூலை முடித்தார், 1890-இல் மறைந்தார். சாவித்திரிபாய் சத்தியசோதக சமாஜத்தின் பணியைத் தொடர்ந்தார். 1893-இல் சாஸ்வடில் நடந்த அதன் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். 1897-இல் பிளேக் நோய் பரவியபோது, மருத்துவரான மகனோடு சேர்ந்து நோயாளிகளைப் பேணினார். நோயுற்ற ஒரு சிறுவனைத் தோளில் தூக்கிச் சென்றதால் தாமும் நோய்வாய்ப்பட்டு, அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வளவையும் அவ்வம்மையார் தனியே தாங்கினாரோ? இல்லை. 1856-இல் நோயுற்றுப் பிறந்தகத்தில் தங்கியிருந்தபோது அவர் கணவருக்கு எழுதிய மடல் ஒன்று உள்ளது. உடன்பிறந்தார் தம்மை அயராது பேணியதை அதில் நன்றியோடு கூறுகிறார். தாம் இல்லாத இடத்தில், உடன் பணிசெய்த பாத்திமாவுக்கு வேலை மிகுந்திருக்குமே என்றும் இரங்குகிறார். பேணியவர் பேணப்படவும் இசைந்தார். தம் பாரம் யார் மீது விழுந்தது என்பதையும் அறிந்திருந்தார். இதுவே நாம் கற்க வேண்டியது.

பாபாசாகேப் 1940-இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலை, 1935-இல் மறைந்த துணைவியார் ரமாபாயின் நினைவுக்குப் படைத்தார். வறுமையிலும் துணையற்ற நாட்களிலும் தம்மோடு துன்புற்ற பொறுமையை அதில் போற்றினார். தொண்டரின் பின்னால் நிற்பவருக்கு உரிய நன்றி அது. நம்மிடையே இந்நன்றி வாழ்நாளிலேயே சொல்லப்பட வேண்டும். சொல்லோடு நில்லாமல் வேலையிலும் பங்கு கொள்ளப்பட வேண்டும்.

குழந்தையை ஏற்போர் அறிய வேண்டியவை

யாம் செய்ததுபோல் யாருக்கும் அறிவிக்காமல் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது இன்று தகாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழி வகுத்துள்ளது. மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவே குழந்தையை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். உணவு, கல்வி, உடல்நலம் ஆகியவை அக்குடும்பத்தின் பொறுப்பு. குழு மாதந்தோறும் பார்வையிட வேண்டும். உடன்பிறந்தாரைப் பிரிக்காதிருக்க முயல வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பு வேறு, தத்து வேறு. தத்து எடுத்த பிள்ளை சட்டப்படி நம் பிள்ளையே ஆகும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பௌத்தராகிய நமக்கும் பொருந்தும். ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

நடைமுறை

ஒன்று: இல்லத்தார் அனைவரும் அமர்ந்து, வீட்டு வேலைகளையும் அவற்றைச் செய்பவர் பெயரையும் ஒரு தாளில் எழுதுக. ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருமாயின் அங்கே அநீதி உண்டு.

இரண்டு: நோயாளியின் உடற்பணி ஒன்றைத் தொண்டர் தம் கையால் நாள்தோறும் செய்க. மருந்து ஆயத்தம் செய்தல், ஏற்றதைக் கொடுத்து ஏலாததை விலக்கல், ஆதாயம் கருதாது அன்பால் செய்தல், மலசலத்திற்கு அருவருக்காமை, நல்லுரையால் நோயாளியை மகிழ்வித்தல் என நோயாளியைப் பேணுவோர்க்கு ஐந்து பண்புகளைப் பகவன் வகுத்தார். உரையாற்றுவது ஐந்தாவதாகவே வருகிறது என்பதை எம்போன்ற போதகர் கவனிக்க.

மூன்று: குழந்தைக்கென ஒரு நேரம் வைத்து, எக்கூட்டம் வந்தாலும் அதை மாற்றாதிருக்க.

நான்கு: வீட்டில் நோயாளி உள்ள உறுப்பினருக்கு வாரம் ஒரு வேளையேனும் ஓய்வு கிடைக்க, சங்கம் முறை வைத்து ஆள் அனுப்புக.

ஐந்து: இயலாததை இயலாது என்று சொல்லுக. கால்களில் குருதி கசிய நடந்து முயன்ற சோணர்க்கு, வீணையின் நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறவாது என்று பகவன் உணர்த்தினார்.

யாம் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தோம். மாலைகளில் நான்கை வீட்டிற்கு வைத்தோம். அன்னையாரைக் குளிப்பாட்டும் வேலையைக் கற்றுக்கொண்டோம். முதல் நாள் அவர் வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு பழகிவிட்டது. பையன் பள்ளிக்குத் திரும்பினான். ஆயினும் அவன் வேலை தேடி எழுந்து நிற்பது நிற்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அன்னையார் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற ஒரு சோடிக் கம்மலை, உடன்பிறந்தார் இசைவோடு எம் துணைவியாரிடம் கொடுத்தோம். பாத்திரமும் சீவரமும் பேணியவருக்கே உரியன அல்லவா?

இல்லத்தில் கூடிச் சிந்திக்க

1. நம் வீட்டில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பவர் யார்? என்ன அச்சத்தால்?

2. நாம் செய்வதாகச் சொல்லும் தொண்டில் பாதியைச் செய்பவர் யார்? அவரிடம் அதைச் சொன்னோமா?

3. நம்மை நம்பி வந்தவர், யாதொரு பயனும் இல்லாத நாளிலும் நம் வீட்டில் அச்சமின்றி இருக்க இயலுமா?