தருமர் சொன்ன பொய்

கேள்வி: உண்மையே பேசிவந்த தருமர், துரோணரிடம் பொய் சொன்னது அவர் குணத்துக்குப் பொருந்துகிறதா? கதைக்காக வியாசர் அவரை வளைத்துவிட்டாரா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொருந்துகிறது என்றே நம்புகிறேன். செயல் சரியா என்பது ஒரு கேள்வி; அதை இவர் செய்யக்கூடியவரா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான விடையை அவருடைய முந்தைய நடத்தையில்தான் தேட வேண்டும்.

சூதில் தம்பியரையும் திரௌபதியையும் பணயம் வைத்தவர் தருமர். விராடன் அவையில் தன்னைத் தருமரின் நண்பன் கங்கன் என்று சொல்லி ஓராண்டு வாழ்ந்தவர். நெருக்கடி வந்தால் உண்மையை முழுதாகக் கைவிடவும் மாட்டார், முழுதாகச் சொல்லவும் மாட்டார். குருக்ஷேத்திரத்திலும் அதுவே நடக்கிறது. துரோணரிடம் அவர் மகன் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்கிறார். இறந்தது அதே பெயருள்ள யானை என்பதைக் குரல் தாழ்த்திச் சொல்கிறார். அர்ஜுனனோ இப்படிப் பொய் சொல்லும் யோசனையையே ஏற்கவில்லை. இப்படித் தயங்கித் தயங்கிப் பொய் சொல்ல தருமரால்தான் முடியும்.

வியாசர் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. நிலம் தொடாமல் ஓடிய தருமரின் தேர் அக்கணமே தரையில் இறங்கியது. அந்தப் பொய்க்காகவே கடைசியில் அவர் நரகத்தையும் பார்க்க நேர்ந்தது. முன்பே தடம் இருந்து, பின்பு விளைவும் இருந்தால், அந்தத் தவறு பாத்திரத்துக்கே உரியது. இரண்டும் இல்லாதபோதுதான் ஆசிரியரைச் சந்தேகிக்க வேண்டும்.