ஆப்பிளை முழுமையாக உண்ணலாமா?

ஆப்பிளின் தோலைச் சீவி எறிவது நம்மில் பலரது வழக்கம். இது காசு கொடுத்து வாங்கிய சத்தை வீணாக்குவதாகும். தோலுடன் கூடிய 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு. தோலை நீக்கினால் 1.3 கிராமே எஞ்சும். எனவே பழத்தை நீரில் நன்கு தேய்த்துக் கழுவித் தோலுடன் உண்பதே நன்று. நடுப்பகுதியும் உண்ணத்தக்கதே.

விதையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள அமிக்டலின் என்னும் பொருள், விதையை மென்றாலும் அரைத்தாலும் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சாக மாறுகிறது. மரவள்ளி இலையை மிகுதியாகத் தின்ற ஆடுகள் மடிவதும் இந்நஞ்சினாலேயே என்பதை உழவர்கள் நினைவிற் கொள்க. தவறுதலாக ஓரிரு விதைகளை விழுங்கிவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. முழு விதை செரியாமல் வெளியேறிவிடும். ஆயினும் குழந்தைகளுக்குக் கொடுக்கும்பொழுதும், சாறு எடுக்கும்பொழுதும் விதைகளைத் தவறாது நீக்குதல் வேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைத் தாய்மார்களுக்கு எடுத்துரைப்பார்களாக.