நெடுந்தீவுக் குதிரைகளும் நீரும்

குதிரை தமிழகத்துக்கு உரிய விலங்கன்று. கடல் வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்திற் கடல் வழியாக வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகரின் வரலாற்றை அறியாத சைவ மாணவர் இலர். எமது தீவகத்துக்கும் இவ்வாணிபத்தோடு தொடர்புண்டு. நயினாதீவிலுள்ள, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம், யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், ஏனைய பண்டங்கள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதியும் அரச பண்டாரத்துக்கு உரியன என விதிக்கின்றது. குதிரை கொணர்வோனுக்கு அரசன் காட்டிய சலுகை இது. அத்துணை மதிப்புப் பெற்ற விலங்கு இன்று அதே தீவகத்தின் கோடியிலுள்ள நெடுந்தீவிலே உடையவர் எவருமின்றித் திரிகின்றது. இந்நிலை எவ்வாறு வந்தது, அவ்விலங்கோடு ஒரு சிறு கிராமச் சமூகம் எவ்வாறு வாழ்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து இயந்திரப் படகில் ஒரு மணி நேரம் செல்லல் வேண்டும். தட்டையான நிலம், சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண்படை, பனையும் வடலியும் புல்வெளியும். காணிகளைப் பிரிப்பன, சாந்து பூசாது அடுக்கிய முருகைக்கல் வேலிகள். சில ஆயிரம் மக்கள் மீன்பிடி, பனைத்தொழில், சிறு பயிர்ச்செய்கை, கால்நடை வளர்ப்பு என்பவற்றைக் கொண்டு வாழ்கின்றனர். வாடைக் காலத்து மழையே அவர்களின் பெருஞ் செல்வம். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் புல் கருகும். துரவுகளும் குளங்களும் வற்றும்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரே இங்கு குதிரைகளைக் கொணர்ந்தனர் என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தை வென்ற ஒல்லாந்தர் குதிரை வளர்ப்பை ஓர் ஒழுங்கான தொழிலாக நடத்தினர். தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இத்தீவை 'டெல்வ்ற்' என அழைத்தவரும் அவரே. அவர் காலத்து லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்னும் படை அதிகாரி இத்தொழிலைக் கவனித்து வந்தார். நாற்புறமும் கடல் சூழ்ந்தமையாற் குதிரை தப்பியோட இயலாது என்பதே இத்தீவைத் தெரிந்தெடுத்தற்கு வாய்ப்பான காரணமாயிற்று. பின்னர் அதே நூற்றாண்டில் அரசு இத்தொழிலைக் கைவிட்டது. மனிதர் சென்றனர், குதிரைகள் நின்றன. அன்று தப்பியோடாது காத்த கடல் இன்று வேறிடம் போகவொட்டாது தடுக்கின்றது.

ஆகவே இவை இயற்கைக் காட்டு விலங்குகள் அல்ல. மனிதரால் வளர்க்கப்பட்டு, மனிதரால் விடப்பட்டு, காட்டு வாழ்வைத் தாமே பயின்றவை. ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் என்னும் சிறு கூட்டங்களாக இவை மேய்கின்றன. பெண்குதிரை பதினொரு மாதம் சூல் கொண்டு பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும்.

இனி, பசுவும் குதிரையும் ஒரே வெளியில் மேயும்போது நிகழ்வதை நோக்குவோம். பசுவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது புல்லை நாவினாற் சுற்றி இழுத்து உண்ணும், அடிப்புல் எஞ்சும். குதிரைக்கோ இரு தாடையிலும் முன்பற்கள் உண்டு. அது நிலத்தோடு ஒட்டக் கறிக்கும். பசு உண்டதை மீட்டு அசைபோடும், குதிரை அசைபோடுவதில்லை. எனவே சாரமற்ற புல்லைக்கூட மிகுதியாக உண்டு காலங்கழிக்க வல்லது. நாளின் பெரும்பகுதியும் மேய்ந்துகொண்டே இருக்கும். மாரியிற் புல் செழிக்கும்போது இவ்வேறுபாடு எவரையும் வருத்தாது. கோடையிற் கடைசிப் புல் குதிரையின் வாய்க்கு எட்டும். பசுவின் நாவுக்கு எட்டாது. நாலு பசுக்களை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

புல்லினும் பெரிய பிரச்சினை நீர். இத்தகைய தீவிலே மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரினும் சற்று இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விதி. இதன் மறுபக்கத்தை மாணவர் மறத்தலாகாது: மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், நாளடைவிற் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். ஆதலால் நீர் வேண்டுமென்று கிணற்றை ஆழமாக்குவோன் உப்பையே காண்பான். நன்னீர் கிடைக்கும் இடங்கள் சில. அவற்றை மக்களும் மாடுகளும் குதிரைகளும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். கடும் வரட்சி ஆண்டுகளிலே நீரின்றிக் குதிரைகள் மாண்டதும் உண்டு.

எமது கல்லூரி விடுதியில் எம்மோடு தங்கிக் கற்ற நெடுந்தீவு நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு ஒருமுறை சோளகக் காலத்திற் சென்றிருந்தோம். மாலையில், காய்ந்துகொண்டிருந்த துரவொன்றின் கரையிலே ஏழெட்டுக் குதிரைகள் கலங்கற் சேற்றை முகர்ந்துகொண்டு நின்றன. விலா எலும்புகளை எண்ணக்கூடியதாயிருந்தது. நண்பரின் தந்தையார் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளித் தம் மாடுகளின் தொட்டியை நிரப்பினார். மாடுகள் குடித்து முடிந்ததும், அவற்றைக் கட்டையில் கட்டிவிட்டுத் தொட்டியை மறுபடியும் நிரப்பினார். "யாருக்கு ஐயா?" என்று வினவினோம். "அதுகளும் தண்ணிக்குத்தான் அலையுதுகள், தம்பி. பாத்துக்கொண்டு இருக்கேலுமே?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் கிணறு உவறினால் நாங்களும் அதுகளும் சேர்ந்துதான் சாகவேணும்" என்றும் கூறினார். இரக்கமும் அச்சமும் ஒரே வாயிற் பிறந்தன. இவ்விரண்டும் நியாயமானவையே என்பது எமது எண்ணம்.

அவரின் அச்சத்தைக் கணக்கினால் அளந்து பார்ப்போம். சிறிய குதிரையொன்றுக்கு வெப்ப நாளில் 20 லீற்றர் நீராவது வேண்டும். குதிரைகள் சில நூறு எனப்படுதலால், உதாரணமாக 300 எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 6,000 லீற்றர்; 90 நாள் வரட்சிக்கு 5,40,000 லீற்றர். இது வாளியால் இறைத்து முடிக்கும் காரியமன்று. ஒருவரின் தருமத்தில் மட்டும் விடத்தக்கதும் அன்று. ஆயினும், மாரியிற் பெய்யும் மழையின் ஒரு சிறு பகுதியைத் தேக்கினால் ஈடுசெய்யக்கூடிய அளவே இது. 50 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உள்ள கேணியில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நின்றால் 10,00,000 லீற்றர் நீர் உண்டு. காற்றும் வெயிலும் ஏறத்தாழப் பாதியைக் கவர்ந்தாலும் எஞ்சுவது அத்தேவையின் பெரும்பகுதிக்குப் போதுமானதாகும்.

அங்ஙனமாயின் இக்காரியம் ஏன் ஆண்டுதோறும் வரட்சி வந்தபின் எடுக்கப்படும் அவசர முயற்சியாகவே நிற்கின்றது? எமது பேச்சுமொழியிலே 'கட்டாக்காலி' என்றொரு சொல் உண்டு. கட்டுவாரின்றித் திரியும் கால்நடை என்பது பொருள். விடை இச்சொல்லிலேயே உள்ளது. வீட்டு விலங்காயின் உடையவன் நீர் வைப்பான். காட்டு விலங்காயின் காடு நீர் வைக்கும். கட்டாக்காலிக்கு உடையவனும் இல்லை, காடும் இல்லை. 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இத்தீவின் 1,846 ஹெக்ரேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அது நன்று. ஆனால் பிரகடனம் நிலத்துக்கு எல்லை வகுக்கும். நீரைச் சுரக்கச் செய்யாது. அன்றியும், குதிரைக்கெனக் குறிக்கப்படும் வெளி தம் மாடுகளுக்கு இல்லாது போகுமோ என்னும் ஐயத்தை மேய்ப்போர் மனத்தினின்றும் நீக்குதல் வேண்டும். காண வருவோர் படமெடுத்துச் செல்வர். கோடையில் அக்குதிரையோடு ஒரே கிணற்றில் வாழ்பவர் அவ்வூரவரே.

கடல் கடந்த நாடொன்றில் இதே வினாவுக்குக் கண்ட விடையையும் ஈண்டு நோக்கலாம். அமெரிக்காவின் கீழ்க்கரையில் அசற்றீக் என்னும் நீண்ட தீவிலும் கட்டாக்காலிக் குதிரைகள் உண்டு. அதன் தென்பகுதியிலுள்ள மந்தை அயல் ஊரின் தீயணைப்புச் சங்கத்துக்கு உரியது. அதன் தொகை 150க்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. ஆண்டுதோறும் யூலை மாதத்திற் குதிரைகளை நீந்தச் செய்து அக்கரை சேர்த்துக் குட்டிகளை ஏலம் விடுவர். அதன் வடபகுதியில், பெண்குதிரைகளுக்குத் தடுப்பூசி எய்து பிறப்பைக் குறைத்துள்ளனர். இம்முறைகள் அப்படியே நெடுந்தீவுக்குப் பொருந்தும் என நாம் கூறவில்லை. அங்கே மந்தைக்குப் பொறுப்பாளர் உண்டு, அதற்கோர் எண்ணும் உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். எண்ணாத இடத்தில் வரட்சியே எண்ணிக் கழிக்கின்றது.

நெடுந்தீவுக்கு வேண்டியன மூன்று. குதிரைகளை ஆண்டுதோறும் முறையாக எண்ணுதல் ஒன்று. ஊர்க் கிணறுகளுக்கு எட்டவாகக் கேணிகளை மாரிக்கு முன்னரே தூர்வாரி வைத்தல் மற்றொன்று. அவற்றைக் காக்கும் பொறுப்பை அரச திணைக்களமும் ஊரவரும் கூடி, இன்னார் கடன் என்று எழுதி வைத்தல் மூன்றாவது. உயிர்களிடத்து அன்பு எமது மக்களுக்குப் புதிதன்று. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் ஆவுரோஞ்சிக் கல்லும் தெருவோரத்தில் நாட்டிய முன்னோரின் வழியினர் நாம். அவர்கள் அவற்றை நாட்டியபோது வரப்போகும் மாடு யாருடையது என வினவவில்லை. எமது மாணவருள் நிலநூலும் விலங்கியலும் பொறியியலும் கற்போர் பலர். அவருட் சிலரேனும் அடுத்த மாரிக்கு முன் படகேறி, அக்குதிரைகளை எண்ணி, அக்கேணிகளை அளந்து வருவாராயின், அந்த முதியவர் தனித்து இறைத்த வாளிக்கு ஒரு துணை கிடைத்ததாகும்.