தலைமையாசிரியைப் பொறுப்பேற்கும் மாணவிக்கு



ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக நீ உயர்ந்திருக்கிறாய் என்ற செய்தியைக் கொண்டுவந்த கடிதம் எனக்கு அளித்த சந்தோஷத்தை எழுத்தில் அடக்க முடியாது. ஆயினும் அந்தக் கடிதத்தில் பதவி பெற்ற மகிழ்ச்சியைக் காட்டிலும் சஞ்சலமே மிகுதியாகக் காணப்படுகிறது. உன்னைவிட வயதில் மூத்த ஆண் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றும், ஊர்ப் பெரியவர்கள் அவர்களிடமே பேசிப் பழகியவர்கள் என்றும், இத்தகைய இடத்தில் கண்டிப்பாக நடந்துகொள்வதா, பணிவாக நடந்துகொள்வதா என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். கண்டிப்பும் பணிவும் அவரவர் சுபாவத்தைப் பொறுத்தவை. ஒருவர் எழுத மற்றொருவர் படித்துக் கற்றுக்கொள்ளக் கூடியவை அவை என்று நான் நம்பவில்லை. அவற்றைவிட முக்கியமான விஷயம் ஒன்று, கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதியிருக்கும் வாக்கியத்தில் இருக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் உனக்கு முன்னால் இருந்த ஆசிரியைகள், பதவி உயர்வு வேண்டாம் என்று கலந்தாய்வில் உரிமைவிடல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டதனால்தான் இந்த இடம் உனக்கு வந்தது என்கிறாயே, அதைப் பற்றித்தான் உன்னோடு சாவகாசமாகப் பேச விரும்புகிறேன்.

நம் தேசத்தில் பள்ளி ஆசிரியர்களில் இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். தொடக்க வகுப்புகளில் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையாகவே இருக்கிறது. ஆனால் வகுப்பறையிலிருந்து தலைமையாசிரியர் அறைக்கும், அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், மாவட்டத் தலைநகருக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசனத்துக்கும் போகப் போக அந்தக் கூட்டம் மெலிந்துகொண்டே போகிறது. இதற்குக் காரணம் கேட்டால், பெண்களுக்குப் பொறுப்பேற்க மனமில்லை, அவர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள், நாம் என்ன செய்வது என்று நல்ல மனிதர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த அபிப்பிராயத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். அந்தக் கடிதங்களை எழுதியவர்களின் வீட்டு வாசலில் போய் விசாரித்தால், மனமின்மை என்று ஒன்றை எங்கும் காணமாட்டாய். ஏழரை மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டே காலுக்கு மேல்தான் வரும் என்பதையும், மாற்றலாகிப் போகும் ஊரில் தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தர யோசிப்பார்கள் என்பதையும், படுக்கையில் இருக்கும் மாமியாரையும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தையையும், உள்ளே தாழ்ப்பாள் இல்லாத பள்ளிக் கழிப்பறையையும்தான் காண்பாய். ஓர் ஆண் பதவி உயர்ந்து வெளியூர் போனால் அவனுடைய குடும்பத்தை நடத்த இங்கே ஒரு பெண் இருக்கிறாள். பெண் போனால் நடத்துவதற்கு யாரை வைத்திருக்கிறோம்? குறைவது ஏற்பாடு. அந்த ஏற்பாடுகளைச் செய்வதுதான் தலைமைப் பதவியின் பிரதானமான வேலை என்பது என் திடமான எண்ணம். மற்றக் குணநலன்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இந்த எண்ணத்தை நான் புத்தகத் தத்துவங்களிலிருந்து பெறவில்லை. சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி செய்த காரியத்தை ஆராய்ந்து பார்த்ததிலிருந்து பெற்றேன். 1886-இல் பிறந்து, விவரம் தெரியாத வயதில் மணம் முடிக்கப்பெற்று, உடனேயே கைம்மையும் அடைந்த அந்தக் குழந்தையை அவருடைய தகப்பனார் மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தபோது, சென்னை ராஜதானியில் பிராமண விதவையொருத்தி பட்டதாரியாவது அதுவே முதல் தடவை. இந்த அளவோடு நின்றிருந்தாலும் அவரைப் பாராட்டியிருப்பார்கள். ஆனால் அவர் அக்காலத்து நிலைமையை ஒரு நிர்வாகியின் கண்ணோடு பார்த்தார். அரசாங்கம் பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் திறக்க விரும்பியது. பெற்றோரோ, வளர்ந்த பெண்ணை ஆண் உபாத்தியாயரிடம் அனுப்ப மறுத்தார்கள். உபாத்தியாயினிகளாக வரத்தக்க குடும்பப் பெண்கள் இளம் வயதிலேயே மணமாகி அடுக்களைக்குள் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம், வாழ்க்கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தள்ளிவைக்கப்பட்ட பால்ய விதவைகள் எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் இருந்தார்கள். இவ்விரண்டு துன்பங்களையும் ஒன்றோடொன்று சேர்த்தால் இரண்டும் தீரும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

சேர்ப்பதற்கு அவர் கையாண்ட சாதனம் எது என்பதைக் கவனி. மேடைப் பிரசங்கத்தையோ பத்திரிகைக் கட்டுரையையோ அவர் முதலாகக் கொள்ளவில்லை. ஒரு விடுதி திறந்தார். 1912-இல் எழும்பூரில் தம்முடைய வீட்டிலேயே, கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிறுமிகளோடு ஆரம்பித்த அந்த விடுதி, பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட பெரிய கட்டடத்துக்கு மாறியது. அனுப்பும் குடும்பங்கள் மனம் கோணாதவாறு சமையற்கட்டில் ஆசாரம் காப்பாற்றப்பட்டது. கதவைத் திறக்க அதுவே சாவி என்பதை அறிந்திருந்ததனால், அடுப்பங்கரையில் விட்டுக்கொடுத்துப் படிப்பறையில் வென்றார். 1914-இல் டாரதி டி லா ஹே அம்மையாரை முதல்வராகக் கொண்டு மகளிருக்கான கல்லூரி ஒன்று சென்னையில் தொடங்கி, பின்னர் ராணி மேரிக் கல்லூரி என்ற பெயரோடு அதே கடற்கரையில் வளர்ந்தபோது, உயர்படிப்புக்கு ஒரு வாசல் அருகிலேயே கிடைத்தது. 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டதும் சுப்பலட்சுமியே அதன் முதல்வரானார். ஆக, தங்குவதற்கு விடுதி, படிப்பதற்குப் பள்ளி, பயில்வதற்குப் பயிற்சிக் கல்லூரி, கற்பித்துப் பழகுவதற்கு அதனோடு சேர்ந்த மாதிரிப் பள்ளி என்று, ஒரு படியில் கால் வைத்த பெண் அடுத்த படிக்கு யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் ஏறிப் போகும்படி ஒரு வழியே உண்டாகிவிட்டது. அந்த வழியே போனவர்கள் உபாத்தியாயினிகளாகி வெளியூர்களுக்குச் சென்றபோது, அந்த ஊர்ப் பெற்றோர் தங்கள் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தார்கள். தாம் ஏறிய இடத்தில் ஏணியை நிறுத்திவைத்தவர் அவர்.

அவருடைய விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கானது என்பதையும் நான் உனக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் குறையை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. திறந்த கதவு ஒரு சிறு வகுப்பாருக்கு மட்டுமே திறந்தது. மற்றவர்களுக்கு வேறு கதவுகள் வேண்டியிருந்தன. 1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியது இப்படிப்பட்ட நிர்ப்பந்தத்தினால்தான். தேவதாசி மரபில் பிறந்த சிறுமிகள் அடைக்கலம் தேடி வந்தபோது, எந்த விடுதியும் அவர்களை ஏற்றுக்கொள்ளாததைக் கண்டு அவர் தம் வீட்டையே இல்லமாக்கினார். இதை உன் பள்ளிக்குப் பொருத்திப் பார். நீ செய்யும் ஒவ்வோர் ஏற்பாட்டிலும் விடுபட்டவர்கள் யார் என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொள். காலனியிலிருந்து வரும் பெண் எந்த வரிசையில் உட்காருகிறாள், தண்ணீர்க் குடத்தை யார் தொடுகிறார்கள், வகுப்பறை பெருக்கவும் கழிப்பறை கழுவவும் யாருடைய பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறது என்பதை நீயே நின்று பார்க்க வேண்டும். பெண்களின் சமத்துவம் பேசும் ஒரு பள்ளியில், ஒரு சாதிப் பெண் குழந்தை மட்டும் துடைப்பத்தை எடுக்க நேர்ந்தால் அங்கே நடப்பது கல்வியே இல்லை.

இவையெல்லாம் சர்க்காருக்குத் தெரியாத விஷயங்கள் என்று நினைத்துவிடாதே. 1958-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் பெண் கல்விக்கென்றே தேசியக் குழு அமைக்கப்பட்டது. 1963-இல் நம் பக்தவத்சலம் தலைமையில் அமைந்த குழு, கிராமங்களில் பெண் கல்விக்குப் பொதுமக்களின் ஆதரவு ஏன் குறைந்திருக்கிறது என்று ஆராய்ந்து, ஆசிரியைகளைப் பெருக்க வேண்டும், அவர்களுக்குக் குடியிருப்பு வசதி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. வழி எழுத்தில் இருக்கிறது. அதில் நடப்பதற்கு ஆட்கள் வேண்டும்.

இனி உன் பள்ளிக்கு வருகிறேன். முதலில் கால அட்டவணையை உன் கையாலேயே தயார் செய். ஆறாம் வகுப்புக்கு மேல் கணிதமும் அறிவியலும் ஆண் ஆசிரியர்களுக்கு என்றும், மொழிப்பாடமும் கீழ் வகுப்புகளும், விழா நாளில் கோலமும் சந்தனத் தட்டும் ஆசிரியைகளுக்கு என்றும் யாரும் உத்தரவு போடாமலேயே ஒரு விதி ஊறிப்போயிருக்கும். ஆசிரியை ஒருத்தி கரும்பலகையில் வடிவியல் நிரூபணம் எழுதுவதைத் தினமும் பார்க்கும் சிறுமிக்குத் தனியாக உபதேசம் செய்ய வேண்டிய அவசியம் இராது. ஆண், பெண் என்ற பேதத்தைக் கொண்டு பாடத்திட்டத்தைப் பிரிக்க வேண்டியதில்லை என்று ஹன்சா மேத்தா குழு சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அடுத்தது கணக்கு. ரொக்கப் பதிவேடும், பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கும், இருப்புப் பதிவேடும் மூத்த ஆசிரியர் ஒருவருடைய மேஜையில் இருப்பது பழக்கமாயிருக்கும். “உங்களுக்கு ஏன் அம்மா இந்தச் சிரமம்” என்று அன்போடுதான் சொல்வார்கள். அந்த அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, பதிவேடுகளை உன் மேஜைக்குக் கொண்டுவரச் சொல். தணிக்கைக்கு வருகிறவர் முன் பதில் சொல்ல வேண்டியவள் நீ. பணம் எங்கே போகிறது என்று அறியாதவள் எந்த ஏற்பாட்டையும் செய்ய முடியாது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும், ஆறாம் வகுப்பிலிருந்து பெண்களுக்கு நாப்கினும் அதை அப்புறப்படுத்த ஓர் இடமும் கிடைப்பது இந்தப் பதிவேட்டில்தான் ஆரம்பமாகிறது. இதைக் கூச்சப்பட்டு ஆசிரியைகளின் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே எழுது.

அந்தக் குழுவின் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் தாய்மார்கள் வந்து கையெழுத்திட்டுவிட்டுப் போக, கணவர்மார் பேசுவதே பல இடங்களில் நடைமுறை. கூட்டத்தை நூறு நாள் வேலை முடிந்து அவர்கள் திரும்பிவரும் நேரத்துக்கு மாற்றிவை; நிகழ்ச்சி நிரலை வாய்விட்டுப் படி; ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லி அழைத்து அபிப்பிராயம் கேள்.

எல்லாவற்றினும் அதிகச் சிரத்தை வேண்டியது எட்டாம் வகுப்பு முடிக்கும் பெண்களிடத்தில். உன் பள்ளி அங்கே முடிந்துவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது. அரசு தரும் இலவச மிதிவண்டியோ பதினோராம் வகுப்புக்குப் போன பிறகுதான் கைக்கு வருகிறது. இடையில் இருக்கும் அந்தச் சில கிலோமீட்டர்களில்தான் நம் பெண்கள் காணாமற் போகிறார்கள். ஆகவே மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டதோடு உன் கடமை தீர்ந்ததாக எண்ணாமல், ஒவ்வொருத்தியும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளா என்று ஜூன் மாதத்திலேயே அந்தப் பள்ளியில் விசாரித்துத் தெரிந்துகொள். ஒரே தெருப் பெண்களை ஒன்றாகச் சேர்ந்து போகச் செய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றித் தாய்மார்களிடம் பேசு. அந்த ஆறாம் வகுப்பு உன் பள்ளியில்தான் இருக்கிறது என்பதையும் சொல். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று காதில் விழுந்தால், முதலில் வீட்டுக்குப் போ. பேச்சு பலிக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவிக்கத் தயங்காதே. ஊரில் உன்மேல் கோபப்படுவார்கள். படட்டும்.

ஆண் ஆசிரியர்களை விரோதிகளாக எண்ணாதே; சுப்பலட்சுமிக்கு முதல் துணை அவருடைய தகப்பனார்தான். ஆனால் பழக்கங்களை மாற்றுவதில் தாட்சணியம் பார்க்காதே. நீ விடுப்பில் போகும் நாளில் பொறுப்பை ஒரே ஆளிடம் ஒப்படைக்காமல், விதி இடம் தருகிற வரையில் ஆசிரியைகளுக்கும் முறைவைத்துக் கொடு. ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவளுக்குக் கலந்தாய்வில் பயம் குறையும். கடைசிப் பஸ் போன பிறகு முடியும் கூட்டங்களை வைக்காதே. பிரசவ விடுப்பில் ஒருத்தி போகும்போது அவளுடைய வகுப்புகள் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடு. இல்லாவிட்டால், அரசு மனமுவந்து கொடுத்த பன்னிரண்டு மாத விடுப்புக்காக அவள் திரும்பிவந்த பிறகும் முணுமுணுப்பைக் கேட்க நேரிடும்.

அந்த உரிமைவிடல் கடிதங்களை எழுதிய ஆசிரியைகளை இந்த மாதத்துக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பார். எந்த ஊர் கிடைத்திருந்தால் ஏற்றிருப்பார்கள், என்ன வசதி இருந்திருந்தால் போயிருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். அவற்றுள் உன்னால் ஆவது எது, ஒன்றியத்தில் கேட்டுப் பெற வேண்டியது எது, ஆசிரியர் சங்கத்தில் எழுப்ப வேண்டியது எது என்று பிரித்துக் குறித்துவைத்துக்கொள். சங்கக் கூட்டத்தில் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து சந்தா மட்டும் கட்டிவரும் வழக்கத்தை உன்னிலிருந்து நிறுத்து. இன்னும் சில வருஷங்களில் வட்டாரக் கல்வி அலுவலர் பதவிக்கான பட்டியலில் உன்னுடைய பெயரும் வரும். அப்பொழுது உன் குழந்தை பெரிய வகுப்பில் இருக்கும். வீட்டில் ஏதேனும் ஒரு நெருக்கடியும் இருக்கத்தான் இருக்கும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக் கை நீளுமானால், அதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுது. நானே புறப்பட்டு வந்து உன் வீட்டாரோடு பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய ஆசிரியை