காயல் துறைக் குதிரைகளும் ரேரியின் பழக்கு முறையும்

விலை கொடுத்து வாங்கிய பிராணி, தன் விலையை உழைத்துத் தருவதற்கு முன்னரே இறந்துபோமாயின், அந்த நஷ்டம் வாங்கினவரோடு நிற்பதில்லை. கடன்பட்டு வாங்கியிருப்பின், அது ஜாமீன்தாரரையும் கடன் கொடுத்த சங்கத்தையும் வந்து சேர்கின்றது. இத்தகைய நஷ்டம் ஒரு குடும்பத்துக்கோ ஒரு கிராமத்துக்கோ அன்றி, ஒரு ராஜ்யத்துக்கே வருஷந்தோறும் நேர்ந்து வந்தமைக்குத் தூத்துக்குடிக் கரை சாட்சியாக இருக்கின்றது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபர்ணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில், பழையகாயல் என்னும் ஊர் உளது. ஆறு கொணர்ந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப்போகவே, முற்காலத்துத் துறைமுகம் இன்று உள்நாட்டுக் கிராமமாய் விட்டது. 13-ம் நூற்றாண்டில் பாண்டியர்களின் பெருந்துறையாய் விளங்கிய காயல் இதுவே என்று, கால்டுவெல் பாதிரியார் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்துக் காட்டினார். அத்துறையிலிருந்து முத்து ஏற்றுமதியாயிற்று. ஹார்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் மரக்கலங்களில் வந்து இறங்கின. பட்டினப்பாலையிலும் கடல் வழியே வந்த குதிரைகள் கூறப்பட்டிருத்தலால், இவ்வர்த்தகம் மிகப் பழமையானது என்பது விளங்கும்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில், ஏறக்குறைய கி.பி. 1292-ல், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இக்கரைக்கு வந்தார். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான் என்றும், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதி வைத்தார். இதற்கு அவர் கூறும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவரும் வைத்தியம் செய்பவரும் இந்நாட்டில் இல்லாமையே. குதிரை விற்கும் வியாபாரிகள் அத்தகைய வைத்தியர்களைத் தம்முடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்து விடுகின்றனர். குதிரைகள் சாகச் சாகத் தங்கள் வியாபாரம் பெருகும் என்பது அவர்கள் எண்ணம் என்றும் அவர் சொல்லுகிறார். கணக்கில் யாத்திரிகர்களுக்கே உரிய மிகை கொஞ்சம் இருக்கலாம். ஆயினும், பொருளை விற்பவன் அப்பொருளைக் காக்கும் வித்தையை விற்காமல் ஒளித்து வைப்பது எக்காலத்தும் நடக்கக்கூடிய காரியமே. கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாரசீக ஆசிரியரான வஸ்ஸாப் இன்னும் விவரமாக எழுதியிருக்கிறார். கிஷ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்புவதாக ஏற்பாடு. குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். கப்பலில் இறந்த குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஜமாலுத்தீனுடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனுக்கு மந்திரியாய்க் காயல் முதலிய துறைகளை நிர்வகித்து வந்தார். விற்பவரின் உடன்பிறந்தவர் வாங்குபவரிடத்தில் மந்திரி! விலைப்பணம் கோயில் மானியங்களின் வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டதாகவும் வஸ்ஸாப் குறிக்கின்றார்.

இறங்கிய குதிரைகளுக்கு நடந்த உபசாரம் யாது? அவற்றை நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டு, நெய்யில் வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பின்பு யாதொரு பழக்கமுமின்றி ஏறி விரட்டுவார்களாம். சிறிது காலத்தில் மிகுந்த வேகமுள்ள குதிரையும் தளர்ந்து ஒன்றுக்கும் உதவாமற் போகும் என்கிறார். மார்க்கோ போலோவோ சோற்றோடு மாமிசம் கலந்து ஊட்டியதாகக் கூறுகின்றார். வறிய உபசாரம் என்று இதைச் சொல்ல முடியாது. அன்பும் செலவும் இருந்தன. அறிவு மட்டும் இல்லை.

இதன் விளைவு இன்றைய கால்நடை வைத்திய சாஸ்திரத்தால் நன்கு விளங்குகின்றது. குதிரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும் பிராணி. அதன் இரைப்பை உடலை நோக்கச் சிறியது. உண்டதை அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை ஒரேயடியாய்க் கொடுத்தால் வயிற்றுவலி உண்டாகும். குளம்பினுள்ளே வீக்கம் கண்டு நடக்கவொட்டாதபடி செய்யும். நாற்பது நாள் அசையாமல் நின்று கொழுத்த குதிரையைத் திடீரென விரட்டினால் அது தாங்குமோ? மேலும், வறண்ட தேசத்துக் குதிரைகளுட் சில, ஈரமும் வெப்பமும் கலந்த கடற்கரைக் காற்றில் வியர்க்கும் சக்தியை இழந்து உடற்சூடு ஏறித் தவிப்பதுண்டு.

அசுவ சாஸ்திரம் என்பது இந்நாட்டில் அடியோடு இல்லாமற் போகவில்லை. சாலிஹோத்திரர் பேரால் வழங்கும் நூல் உண்டு. நகுலன் பேரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் 1952-ல் பதிப்பித்தது. பாரதத்தில் விராடன் லாயத்தில் நகுலன் குதிரை பேணிய கதையும், நளன் தேரோட்டிய கதையும் கிராமங்களில் யாவரும் கேட்டவையே. எனினும் ஏட்டில் இருந்த வித்தை, லாயத்தில் சாணம் வாரிக் கொள்ளு வைக்கும் ஆளின் கைக்கு வந்து சேர்ந்ததாகத் தோன்றவில்லை.

குதிரைக்குப் போட்ட தீனி இருக்க, அதனோடு பழகும் வகையைச் சற்றுக் கவனிப்போம். இவ்விஷயத்தில் பெயர் பெற்றவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துக் குரோவ்போர்ட் என்னும் ஊரில் 1827-ல் பிறந்த ஜான் சாலமன் ரேரி. இளமை முதலே குதிரைகளோடு பழகியவர். அக்காலத்தில் குதிரையைப் பழக்குவதென்றால், அடித்து அதன் திமிரை ஒடுக்குவது என்றே பொருள். ரேரி அவ்வாறு கருதவில்லை. முரண்டு பிடிக்கும் குதிரை பெரும்பாலும் பயந்த குதிரையே. தன்னிடம் கேட்கப்படுவது இன்னதென்று விளங்கினால், தன் இயல்புக்கு ஒத்த எந்த வேலைக்கும் அது இணங்கும். அஞ்சிய பொருளை முகர்ந்தும் தொட்டும் பார்த்து, அதனால் நோவு இல்லை என்று அறிந்தால் அச்சம் தானே நீங்கும். இவையே அவர் கொள்கை. இவற்றை 1856-ல் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார்.

1857-ல் அவர் இங்கிலாந்து சென்றார். விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் தம் வித்தையைக் காட்டினார். டார்செஸ்டர் பிரபுவின் பந்தயக் குதிரையாகிய குரூஸர், நெருங்கினவரைக் கடித்துக் கொல்லத் துணியும் கொடிய விலங்கென்று பேர் பெற்றிருந்தது. அதன் வாய்க்கு இரும்புக் கூடு மாட்டியிருந்தனர். 1858-ல் சுமார் மூன்று மணி நேரம் அதனோடிருந்து, ரேரி அதன்மீது ஏறிச் சவாரி செய்தார். ஒரு வரிக்குதிரையையும் அவ்வாறே பழக்கினார். வித்தை கற்க வந்தவரிடம் ஆளுக்குப் பத்துக் கினி வாங்கி, இரகசியம் காப்பதாக வாக்கும் பெற்றுக்கொண்டார். அவரது நூல் இங்கிலாந்தில் மலிவுப் பதிப்பாய் வெளிவரவே, அந்த இரகசியம் நிலைக்கவில்லை. அது நல்லதாயிற்று, இல்லையேல் காயல் வியாபாரிகளின் வழக்கத்துக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இராது.

ரேரியின் முறையில் ஒரு குறையும் உண்டு. அடங்காத குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். அது மூன்று காலில் நின்று களைத்துப் படுக்கும். அப்பொழுது அருகே அமர்ந்து தலை முதல் கால் வரை மெதுவாகத் தடவி, இனிய குரலில் பேசுவார். அதன் பிறகே எழுப்புவார். அடியைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பது மெய். ஆனால் தப்ப வழியில்லை என்று கண்டு ஓய்ந்துபோவது வேறு, நம்பிக்கை கொண்டு இணங்குவது வேறு. அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே கிரேக்கராகிய செனபோன், கோபத்தோடு குதிரையின் அருகில் செல்லலாகாது என்றும், மிரளும் பொருளுக்கு அதை மெல்ல அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்றும் எழுதிப் போந்தார். கயிறு கட்டாத அவ்வழியே இப்பொழுது பெரிதும் போற்றப்படுகின்றது.

குதிரை வேட்டையாடும் பிராணியன்று, வேட்டையாடப்படும் பிராணி. கண்கள் பக்கவாட்டில் இருத்தலால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னேயும், நெற்றிக்கு நேர் முன்னே மிக அருகிலும் பார்வை எட்டாது. ஆகையால் தோளின் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு அணுக வேண்டும். காதுகள் பின்னுக்கு மடிந்து ஒட்டியிருந்தால் சினம். ஒரு காது ஆளின் பக்கம் திரும்பினால் கவனிக்கின்றது என்று அறியலாம். கடிவாள வாரை இழுத்து, அது ஓர் அடி இணங்கியவுடனே வாரைத் தளர்த்த வேண்டும். இழுப்பதினால் அன்று, தளர்த்துவதினாலேயே அது கற்றுக் கொள்ளுகின்றது. இணங்கிய பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பவர், இணங்கிப் பயனில்லை என்ற பாடத்தையே அதற்குக் கற்பிக்கிறார்.

ஜட்கா வண்டிகள் தெருக்களை விட்டுப் போயின. எனினும் தூத்துக்குடி ஜில்லாக் கிராமங்களில் திருவிழாக்களில் மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயங்கள் நடக்கின்றன. பந்தயத்துக்கென வாங்கும் கன்றையோ குதிரையையோ, கொட்டும் கூட்டமும் பழகாமல் நேரே களத்தில் கொண்டு நிறுத்துவது, காயலில் நாற்பதாம் நாள் சவாரி விட்டதற்கு ஒப்பாகும். கொட்டுச் சத்தத்தை முதலில் தூரத்தில் கேட்பித்து, அது காது தாழ்த்தித் தீனி தின்னத் தொடங்கிய பின்பு ஒரு பத்து அடி நெருங்கி வரலாம். மிரண்டால் அதட்டாமல் மறுபடியும் பின்வாங்க வேண்டும். உழவுக்கு விடும் இளங்காளைக்கும் அவ்வாறே. முதல் நாள் நுகத்தடியை முகர விட்டு, மறுநாள் பழகிய மாட்டோடு இணைத்து, ஏர் பூட்டாமல் வரப்போரம் கால் நாழிகை நடத்தி அவிழ்த்து விட்டால் போதும்.